பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. திருக்கடலூரில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இரண்டே வீடுகள். காலையில் நல்ல வெயில். கருவாட்டைப் புரட்டிவிட்டு வருகிறேன் என்று அம்மம்மா கரைக்குப் போனார். மூன்றாம் நாள்தான் அவரைக் கண்டெடுத்தார்கள்.

இருபது வருடம் கழித்து, 2024 டிசம்பரில், நாங்கள் ஒன்பது பேர் திருகோணமலையில் இருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பி, சுனாமி அடித்த ஊர்கள் வழியாக இலங்கையைச் சுற்றி வந்தோம். இறந்தவர்களை நினைப்பதும், மழை வெள்ளத்தில் எல்லாம் நனைந்துபோன கரையோரப் பிள்ளைகளுக்குப் புது வருடத்துக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கிக் கொடுப்பதும் நோக்கம். இப்படி ஒரு பயணம் போக நினைக்கிற யாருக்காவது உதவும் என்று இதை எழுதுகிறேன். நாங்கள் சரியாகச் செய்தவையும் இருக்கின்றன, பிழையாகச் செய்ததும் இருக்கிறது. பிழையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எண்ணம் பிறந்தது நான் வேலை செய்யும் கராஜில். ஒன்பது பேரில் இரண்டு பேர் மீனவர்கள், ஒருவர் வாத்தியார், ஒருவர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் அண்ணன் (நானா என்றுதான் கூப்பிடுவோம்), ஒருவன் பாலையூற்றில் இருந்து வரும் கத்தோலிக்கப் பையன். மற்றவர்கள் கடை, கந்தோர் என்று வேலை பார்ப்பவர்கள். யாருடைய பைக்கும் 150 சிசிக்கு மேல் இல்லை. பல்சர், டிஸ்கவர், பழைய ஹீரோ ஹோண்டா. நம்முடைய நாட்டு வீதிக்கு இதுவே தாராளம். ஹைவேயில் மோட்டார் சைக்கிளை விடவும் மாட்டார்கள்.

வீதியைத் தீர்மானிப்பது லேசாக இருந்தது. தெற்கே திரும்பி, கடலை இடது கைப் பக்கமாக வைத்துக்கொண்டே போவது: கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை, மட்டக்களப்பு, கல்முனை, பொத்துவில், மொனராகலை, அம்பாந்தோட்டை, மாத்தறை, காலி, கொழும்பு, பிறகு புத்தளம் வழியாக அநுராதபுரம் வந்து ஹொரவப்பொத்தானையால் வீடு. வரைபடத்தில் கூட்டிப் பார்த்தால் 970 கிலோமீட்டர் அளவில் வந்தது. கதிர்காமத்தையும் சேர்த்தால் 1,000. அந்த எண் எங்களுக்குப் பிடித்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களிடமும் கூட்டாளிகளிடமும் “ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு ரூபாய்” என்று கேட்டோம். 1,000 கிலோமீட்டர் என்று சொன்னால் கேட்பவருக்கு மனதில் நிற்கும், கணக்குப் போடவும் சுகம். இதுதான் எங்கள் முதல் பிழை என்று அப்போது தெரியவில்லை.

டிசம்பர் 20ஆம் திகதி காலை 6.30க்குப் புறப்படுவதாக இருந்தோம். வாகரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஒரு அம்மா இருக்கிறார். எங்களோடு வந்த மீனவர்களில் ஒருவருக்குத் தூரத்துச் சொந்தம். பதினொரு மணிக்கு வருவோம், உங்களோடு சேர்ந்து கரையில் பூப் போடுவோம் என்று பக்கத்து வீட்டு போனில் சொல்லியிருந்தோம். திருகோணமலையில் இருந்து வாகரை 80 கிலோமீட்டர்கூட வராது. பதினொரு மணிக்குப் போய்விடலாம் என்பதில் யாருக்கும் சந்தேகமே இருக்கவில்லை.

கடற்கரையில் வழியனுப்ப வந்தவர்கள் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினார்கள். பிறகு போட்டோ. வந்து சேராத ஒருவருக்காக இன்னும் கொஞ்ச நேரம். 6.30 என்றது 9 மணியாகிவிட்டது. கிண்ணியாவில் நானாவின் சொந்தக்காரர்கள் பாலத்தடியிலேயே மறித்து, தேநீர் குடிக்காமல் போகக் கூடாது என்றார்கள். அந்த அன்பை எப்படித் தட்டுவது? 2009இல் இந்தப் பாலம் வரும்வரை எல்லோரும் ‘பாதை’ என்கிற மிதவையில்தான் அக்கரைக்குப் போனோம். பைக்கை ஏற்றிக்கொண்டு மிதந்து போகிற அந்த இரும்புப் பாதையைப் பற்றி ஒரு கதை, கரையோரம் இருந்த கிண்ணியா ஆஸ்பத்திரியை அலை அடித்துக்கொண்டு போன நாளைப் பற்றி ஒரு கதை. ஒரு மணி நேரம் அங்கேயே போனது. உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்களை எல்லாம் தாண்டி வெருகலுக்கு வந்தால் ஓரிடத்தில் வீதிக்கு மேலாகத் தண்ணீர் ஓடுகிறது. நவம்பர் கடைசியில் கிழக்கு மாகாணத்தையே மூழ்கடித்த வெள்ளம் வடிந்திருந்தாலும் பள்ளமான இடங்களில் மழைக்கு மழை தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இறங்கினோம். எட்டுப் பைக் ஏறியது, ஒன்று நடுவில் நின்றது.

வாகரை அம்மாவின் வளவுக்குள் நாங்கள் போனபோது மாலை மூன்றரை. பத்து மணிக்கே பூவைப் பறித்து ஈரத் துணியில் சுற்றிக் கரைக்குக் கொண்டுபோனாராம். இரண்டு மணிவரை அங்கே தென்னைமரத்தடியில் இருந்தாராம். மழை வரவும் பூவைத் தண்ணீரில் தானே போட்டுவிட்டு வந்துவிட்டார். எங்களுக்காக ஆக்கிய சோறு குசினியில் வாழையிலையால் மூடியிருந்தது. ஒன்பது பேருக்கு அளந்து போட்ட சோறு. “பரவாயில்ல மகன், மழைதானே. இருந்து சாப்பிடுங்க” என்றார். இறால் சொதி ஆறிப்போயிருந்தது. ஒருவரும் ஒருவருடைய முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டோம். ஐந்து மணிக்கு முன் புறப்பட்டால்தான் இருட்டுக்கு முன் மட்டக்களப்பு என்பதால் அவரோடு இருந்து கதைக்கவும் முடியவில்லை.

அன்றிரவு மட்டக்களப்பில் ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை. வாத்தியார்தான் முதலில் வாய் திறந்தார். “நாங்க ஓடுறதுக்கு வந்தமா, நிக்கிறதுக்கு வந்தமா?” அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கொப்பியில் எல்லாவற்றையும் திரும்ப எழுதினோம். முதலில் எந்தெந்த இடத்தில் நிற்க வேண்டும், அங்கே எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று போட்டோம். மிச்சம் இருக்கிற நேரத்துக்குத்தான் கிலோமீட்டர். அப்படிக் கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு 120, 130க்கு மேல் ஓட இடமே இல்லை. கதிர்காமத்தை எடுத்துவிட்டோம். புத்தளம், அநுராதபுரம் வழியையும் விட்டு, கொழும்பில் இருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக நேரே வீட்டுக்கு வருவதாக முடிவெடுத்தோம். அந்தக் கடைசி நாள் மட்டும் நீளம், வழியில் நிகழ்ச்சி ஒன்றும் வைக்கவில்லை.

1,000 கிலோமீட்டர் போய்விட்டது. கிலோமீட்டர் கணக்கில் காசு தருவதாகச் சொன்ன எல்லோருக்கும் அன்றிரவே வாட்ஸ்அப்பில் உள்ளதை உள்ளபடி எழுதினோம்: காலை பிந்தியது, வாகரையில் நடந்தது, பயணம் 900 சொச்சத்தோடு முடியும், அதற்கேற்பக் குறைத்துத் தாருங்கள். ஒருவர்கூடக் குறைக்கவில்லை. ஆனால் இனிமேல் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று காசு சேர்க்கக் கூடாது என்று தீர்மானித்துவிட்டேன். அந்த எண் பின்னால் நின்று உந்திக்கொண்டே இருக்கும். மழைக்குள்ளும் இருட்டுக்குள்ளும் ஓடச் சொல்லும். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு செலவு, எத்தனை பிள்ளைக்குத் தருகிறீர்கள் என்று கேட்பதே நல்லது. தருபவருக்கும் தன் காசு எங்கே போகிறது என்று தெரியும்.

காசைப் பற்றிப் பேசும்போதே மற்றதையும் சொல்லிவிடுகிறேன். பெற்றோல், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவரவர் கையில் இருந்து. சேர்ந்த காசில் ஒரு சதம்கூடப் பயணத்துக்கு எடுப்பதில்லை என்பதைப் புறப்பட முன்பே எல்லோருக்கும் சொன்னோம். லீட்டருக்கு 40, 45 கிலோமீட்டர் ஓடுகிற பைக்குக்கு முழுப் பயணத்துக்கும் 20 லீட்டர் சொச்சம். அன்றைய விலையில் 7,000 ரூபாய் அளவில். அதைக் கையில் வைத்திருப்பவர்தான் வர வேண்டும். ஒரே மாதிரி டீ சேர்ட் அடிக்கலாம், பெரிய பெனர் கட்டலாம் என்று பேச்சு வந்தது. விலை கேட்டால் முப்பது பிள்ளைகளின் சப்பாத்துக் காசு. விட்டுவிட்டோம். பெற்றோல் டாங்கியில் ஒட்ட ஒரு சின்ன ஸ்டிக்கர் மட்டும், தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும். வங்கிக் கணக்கை இரண்டு பேர் கையெழுத்தில் வைத்தோம், வீதியில் உண்டியல் குலுக்கவில்லை. யாராவது வழியில் காசு தந்தால் அந்த இடத்திலேயே பற்றுச்சீட்டு எழுதி, இரவில் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினோம். போகும் ஊர்ப் பொலிஸுக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்ததும் நல்லதாகப் போயிற்று. இரண்டு இடத்தில் மறித்தார்கள், கடிதத்தின் பிரதியைக் காட்டியதும் விட்டார்கள்.

இனி பைக். நான் கராஜ்காரன், இதில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும்.

டிசம்பர் கிழக்கில் மாரி. வேறு மாதத்தில் போனால் சுகமாக இருக்கும், ஆனால் நினைவு நாளை நம் வசதிக்கு மாற்ற முடியாது. அதனால் பைக்கை மழைக்குத் தயார்ப்படுத்த வேண்டும். புதுச் சாமான் எதையும் புறப்படுகிற வாரத்தில் பூட்டாதீர்கள். டயர், செயின், பிரேக் ஷூ எதுவானாலும் பூட்டி ஒரு 200 கிலோமீட்டராவது ஊருக்குள் ஓடிப் பார்த்துவிட்டுத்தான் நீளப் பயணம். கிளட்ச் கேபிளுக்கு ஒரு வேலை செய்தோம்: பழைய கேபிளோடு சேர்த்துப் புதுக் கேபிள் ஒன்றையும் அதே பாதையில் ஓடவிட்டு, இரண்டு முனையையும் பொலித்தீனால் சுற்றிக் கட்டிவைத்தோம். கோமாரிக்குப் பக்கத்தில் டிஸ்கவரின் கேபிள் அறுந்தபோது டாங்கியைக் கழற்றவே வேண்டியிருக்கவில்லை. முனைகளை மாற்றிப் போட்டுப் பத்து நிமிடத்தில் ஓடினோம்.

செயினைத்தான் மழை முதலில் தின்னும். ஒவ்வொரு மாலையும் பைக்கை நிறுத்தியவுடன், செயின் சூடாக இருக்கும்போதே துடைத்து ஒயில் விட வேண்டும். காலையில் விட்டால் உள்ளே இறங்காது, டயரில்தான் தெறிக்கும். ஒன்பது பைக்கின் சில்லும் 17 அல்லது 18 அங்குலம். அதனால் இரண்டு அளவில் டியூப், லீவர், கைப்பம்பு ஒரு பையில். அந்தப் பை எப்போதும் கடைசி ஆளிடம். கடைசி ஆள் நான்.

வெருகலில் நின்ற பைக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீருக்குள் இறங்கினால் முதலாம் கியரில், எஞ்சின் சத்தத்தைக் குறைய விடாமல், ஒரே சீராகப் போக வேண்டும். பயத்தில் எக்ஸலேட்டரை விட்டால் சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறும். அவர் விட்டுவிட்டார். நின்ற பைக்கை அங்கேயே கிக் அடிக்கவும் கூடாது. கரைக்குத் தள்ளி, பிளக்கைக் கழற்றி, உள்ளே தண்ணீர் போயிருக்கிறதா என்று பார்த்து, கிக் அடித்து வெளியேற்றி, பிளக்கையும் மூடியையும் காயவைத்துப் பூட்டினோம். ஒயில் வெள்ளையாகியிருந்தால் மாற்றாமல் ஓடவே கூடாது, நல்ல காலம் ஆகவில்லை. ஏறிய பிறகு இன்னொன்று: டிரம் பிரேக் நனைந்திருக்கும், பிடிக்காது. கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே ஓடிக் காயவைத்த பிறகுதான் வேகம்.

ஒன்பது பேரும் ஒன்றாக ஓடுவதற்கு ஒரே ஒரு விதி போதும். ஒவ்வொருவரும் கண்ணாடியில் தனக்குப் பின்னால் வருபவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் தெரியவில்லையா, ஓரமாக நில். நீ நின்றதைக் கண்டு உனக்கு முன்னால் போகிறவர் நிற்பார். இப்படியே முதல் ஆள் வரைக்கும் போய்ச் சேரும். போன் எடுத்து யாரையும் தேட வேண்டியதில்லை. மெதுவாக ஓடுபவரை இரண்டாவதாக விடுங்கள், அவருடைய வேகம்தான் எல்லோருடைய வேகமும்.

இரவில் ஓடக் கூடாது என்பதற்கு எங்கள் வீதிகளில் இரண்டு காரணம் இருக்கிறது. கிழக்குக் கரையில் மாடுகள். வெயில் குடித்த தார் இரவில் சூடாக இருக்கும் என்று வீதியிலேயே படுத்துவிடும், கறுத்த எருமையை லைட் வெளிச்சத்தில் கண்டு பிரேக் அடிக்க நேரம் இருக்காது. உள்நாட்டில் யானை. மொனராகலைப் பக்கத்துப் புத்தலவில் இருந்து கதிர்காமம் போகும் வீதியில் யானை வாகனத்தை மறித்துச் சாப்பாடு கேட்கும். பஸ்ஸில் இருப்பவருக்கு அது வேடிக்கை, பைக்கில் இருப்பவருக்கு உயிர். கதிர்காமத்தை விட்டதால் வெல்லவாய, தணமல்வில வழியாகப் பகலிலேயே அம்பாந்தோட்டைக்கு இறங்கினோம். கடைசி நாள் கொழும்பில் இருந்து விடிய நாலு மணிக்கே புறப்பட்டதும், ஹபரணை–கந்தளாய்க் காட்டு வீதியைப் பொழுதுபடமுன் தாண்டத்தான்.

சரி, நின்ற இடங்களுக்கு வருகிறேன். திட்டத்தை மாற்றியதன் பலன் அடுத்த நாள் காலையே தெரிந்தது. நாவலடியில் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் ஒரு துண்டு மணல். அங்கே இரண்டு மணி நேரம் இருந்தோம். கல்லடியில் அலையில் சாய்ந்த திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரத்தடியில் ஒரு ஐயா, அன்று எந்தத் தென்னையைப் பிடித்துக்கொண்டு தப்பினார் என்று காட்ட எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். தென்னை இப்போது இல்லை, அடிக்கட்டை மட்டும் இருக்கிறது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டே கதை சொன்னார். அவசரமாக வந்திருந்தால் கோபுரத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருப்போம்.

நாட்டில் 30,000த்துக்கு மேற்பட்ட உயிர் போனதில் அதிகம் போனது அம்பாறை மாவட்டத்தில். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் மாறி மாறி வரும் அந்த வீதியில் நாங்கள் 40க்கு மேல் ஓடவில்லை. காரைதீவுச் சந்தியில் நின்றோம். மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தோடு மத்ரஸாப் பிள்ளைகளை இழுத்துப்போய் அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நானா துஆ ஓதினார். எட்டுப் பேரும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம்.

அம்பாந்தோட்டையில் அலை வந்தது ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நாளில். அதைச் சொல்லிக்கொண்டே ஒரு மலாய்ப் பெரியவர் எங்களைச் சந்தை இருந்த இடத்துக்கு நடத்திக்கொண்டு போனார். காலிக்கு அப்பால் பெரலியவில் கொழும்பில் இருந்து மாத்தறைக்குப் போன ரயில் நின்ற இடம். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அந்த ஒரு ரயிலோடு போனார்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சின்னத் தேநீர்க் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, எங்கள் ஸ்டிக்கரில் சிங்களத்தில் இருந்ததை விரலால் தடவி வாசித்தார். திருகோணமலையா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், அம்மம்மா என்று சொல்லிக் கடலைக் காட்டினேன். அவர் தன் நெஞ்சில் கையை வைத்து, மூன்று விரலைக் காட்டினார். பிளேன் டீக்கு இஞ்சி தட்டிப் போட்டார், காசு வாங்கவில்லை. “எப்பா புதா” (வேண்டாம் மகன்) என்று என் கையை மூடிவிட்டார். மும்மொழி ஸ்டிக்கருக்குக் கொடுத்த காசு அந்த இடத்தில் வந்து சேர்ந்தது.

24ஆம் திகதி இரவு பாலையூற்றுப் பையன் கொழும்பில் நள்ளிரவுப் பூசைக்குப் போனான். தனியாகப் போகவிட மனமில்லாமல் எல்லோருமே போனோம். அவன் வீட்டில் நத்தார் அன்று அவனுக்காகக் காத்திருந்தார்கள். 25 மாலை ஐந்து மணிக்குத் திருகோணமலை வந்ததும் முதலில் அவனைத்தான் வீட்டில் விட்டோம். என் மீட்டரில் 918 கிலோமீட்டர்.

முல்லைத்தீவுக்குப் போக முடியவில்லை. கடல் அங்கே அடித்த அடி எங்களுக்குத் தெரியும். அது தனியே ஒரு பயணமாகப் போக வேண்டிய இடம், ஒரு நாளைப் பிய்த்துக் கொடுக்க முடியாது.

26ஆம் திகதி காலை 9.25க்கு நாடு முழுக்க இரண்டு நிமிடம் மௌனம். நாங்கள் ஒன்பது பேரும் திருக்கடலூர்க் கரையில் நின்றோம். நாவலடியிலும் அம்பாந்தோட்டையிலும் பெரலியவிலும் ஒரு பிடி மண் எடுத்து, மூன்று சின்னப் போத்தலில் கொண்டுவந்திருந்தோம். அம்மாவிடம் கொடுத்தேன். அம்மம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார்.

ஜனவரியில் புது வருடப் பள்ளிக்கூடம் தொடங்க முன், கொப்பியும் சப்பாத்தும் புத்தகப் பையும் வாங்கிக் கட்டினோம். அளவு தெரியாமல் சப்பாத்து வாங்கக் கூடாது என்பதால், ஒவ்வொரு பிள்ளையின் பாதத்தையும் கடதாசியில் வைத்துக் கோடு போட்டு அனுப்பச் சொல்லியிருந்தோம். கடைக்காரர் அந்தக் கடதாசிகளை ஒவ்வொன்றாகச் சப்பாத்துக்குள் வைத்துப் பார்த்துத்தான் எடுத்துத் தந்தார். ஒரு சோடிகூடத் திரும்பி வரவில்லை.

வாகரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கான பொதியை நானும் நானாவும் இரண்டு பைக்கில் கட்டிக்கொண்டு போனோம். மழை விட்டிருந்தது, வெருகலில் வீதி காய்ந்திருந்தது. அந்த அம்மாவிடம் இந்த முறையும் பதினொரு மணிக்கு வருவதாகத்தான் சொல்லியிருந்தோம். நாங்கள் போனபோது பத்தே கால். அவர் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, “நேரம் கிடக்கே மகன், இன்னும் பூப் பறிக்கல்ல” என்றார். பறிப்போம் என்று நானா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே செவ்வரத்தையடிக்குப் போனார்.